ஹெலிக்காரனுக்கு வைத்த விளக்கு

எங்கள் ஊரில் தமிழர்களுக்கென்று ஒரு ராணுவ ஆய்வாளர் இருக்கிறார். எங்கள் ஊர் என்று நான் சொல்வது டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டு அதற்கு மேலே சுப்பர்மார்க்கெட் கட்டிவைத்திருக்கிற இந்த ஊரைத்தான். ஆய்வாளர் தன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டவர் அல்லர். நாட்டில் சண்டை தொடங்கின கையோடு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர். அதில் ஒரு குற்றமும் இல்லை, நாங்கள் எல்லோருமே ஓடிவந்த ஆட்கள்தான். ஆனால் ஓடிவந்தவன் ஓடிவந்தேன் என்று சொல்ல வேண்டும். இவர் அதைத் 'தந்திரோபாயப் பின்னகர்வு' என்பார்.

நெடுங்காலம் ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் நின்றார். அவர் செய்த ஒரே உருப்படியான வேலை அது. ஓய்வூதியம் எடுத்த பிறகுதான் தலை வீங்கத் தொடங்கியது. பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு, எங்கே மைக்கைக் கண்டாலும் எழும்பிவிடுவார். பிள்ளை கேக் வெட்டக் கத்தியோடு நிற்கும். இவர் படையணி, வியூகம், ஊடறுப்பு என்று முழங்கிக்கொண்டிருப்பார். மெழுகுதிரி உருகிக் கேக்கில் வடிந்துகொண்டிருக்கும். தாய் தகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, எங்கள் ஆட்களுக்குக் கலியாண அழைப்பிதழும், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவுமலரும் செய்துகொடுப்பேன். அந்த வழியில்தான் ஆய்வாளரின் புத்தகம் என் மேசைக்கு வந்தது.

கண்டறியாத புத்தகம். ஆப்பிரிக்காவின் தெற்கே, இன்றைக்கு ஸிம்பாப்வே என்றும் அப்போது ரொடீசியா என்றும் பெயர் கொண்ட நாட்டில், ஒரு கைப்பிடி வெள்ளைக்காரர் மிச்ச எல்லோரையும் ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பற்றைக்காட்டில் சண்டை பிடித்த ஒரு சிறப்புக் காலாட்படை ரெஜிமென்ட்டின் வரலாறு அது. இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தில் போடுகிற பழைய சாமான் சந்தையில், ஒரு ஜெர்மன் கிழவன் படைச் சின்னங்களையும் தொப்பிகளையும் பரப்பிவைத்து விற்றுக்கொண்டிருந்தானாம். இளவயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, தானாக விரும்பிப் போய் அந்த ரெஜிமென்ட்டில் சேர்ந்தவனாம். ஆய்வாளருக்குத் தெய்வத்தைக் கண்ட மாதிரி. அவனிடம் இருந்த ஆங்கிலப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழாக்கி, தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார்.

வேலை என்றபடியால் முழுதையும் வாசித்தேன். அந்தப் படைக்காரர் பெரும்பாலும் மீசை முளைக்கத் தொடங்கின பெடியள். அரைக்காற்சட்டையும் கான்வாஸ் சப்பாத்துமாகச் சண்டைக்குப் போனவர்கள். குன்றின் மேல் ஒளித்திருக்கிற வேவுகாரன் கெரில்லாக்களைக் கண்டதும் ரேடியோவில் சொல்வான். உடனே சின்னச் சின்ன ஹெலிகள் கிளம்பும். ஒவ்வொன்றிலும் நாலு பேர் இருப்பார்கள். ஒன்று மட்டும் பீரங்கியோடு மேலே வட்டமடிக்கும். தளபதி அதற்குள் இருந்து கீழே பார்த்துப் பார்த்துக் கட்டளை கொடுப்பான். ஒரு பழைய விமானத்தில் இருந்து இன்னும் கொஞ்சப் பேர் பரசூட்டில் குதித்துத் தப்பும் வழியை அடைப்பார்கள். பிறகு வரிசையாக நடந்து, பற்றை பற்றையாகத் துழாவிச் சுடுவார்கள். ஓடுகிறவன் எதிரி. ஊரடங்கு நேரத்தில் வெளியே நின்றவனும் எதிரி. ஒரே நாளில் மூன்று தரமும் இப்படிப் போய்வந்தது உண்டாம்.

எல்லாச் சண்டையிலும் அவர்கள்தான் வென்றார்களாம். கடைசியில் தேர்தல் வந்தது, நாடு கையை விட்டுப் போனது, ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். எல்லாச் சண்டையையும் வென்று நாட்டைத் தோற்ற இந்தக் கெட்டித்தனத்தை ஆய்வாளர் 'உலகப் படையியலின் உச்சம்' என்று எழுதியிருந்தார்.

அந்தக் காட்டில் செத்த கறுப்புப் பெடியளைப் பக்கத்துக்குப் பக்கம் பயங்கரவாதிகள் என்று வேறு எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே காது புளித்த சனம் நாங்கள். அந்தச் சொல்லுக்காகவே அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றவர்கள். மேற்கோள் குறியாவது போடுவோமா என்று தொலைபேசியில் கேட்டேன். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அவர்கள் நிலத்தைக் கேட்டால் பயங்கரவாதம், நாங்கள் கேட்டால் மட்டும் உரிமை. இந்த மூளைக்குத்தான் எங்கள் ஊரில் மேடை மேடையாகப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

சரி, எத்தனையோ குப்பையை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன், இதையும் கொடுத்துவிட்டுக் கை கழுவியிருப்பேன். ஆனால் நடுவில் ஒரு பக்கம் வந்தது. அதைச் சொல்ல முதல் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஒரே ஒரு மகள். நாட்டில் சண்டை நடந்த காலம், அவளுக்கு ஏழு வயது. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த தகப்பனுக்குச் செம்பில் தேத்தண்ணீர் கொண்டு வரம்பால் போனாள். ஆமியின் ஹெலி வந்தது. இரண்டு தரம் சுற்றியது. பிள்ளை செம்பைப் போடாமல், தேத்தண்ணீர் ஊற்றுப்படாமல் ஓடப் பார்த்தாள். அக்கா வேலிக்கரையில் நின்று கத்தினது ஹெலிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

செத்தவீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான், மேலே இருந்து பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரித்தான், சின்னப்பிள்ளை என்று அவனுக்குத் தெரிந்திராது என்று. அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாயை விட்டு எழும்பினாள், சாப்பிட்டாள். பிறகு அத்தானும் போய்ச் சேர, என்னோடு ஜெர்மனிக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஓய்வூதியம் வரைக்கும் படுக்கை விரிப்பு மடித்தாள். நாங்கள் வந்த விமானத்தில் அவளுக்கு யன்னல் கரை. கீழே எட்டிப் பார்த்துவிட்டு என் கையைச் சுரண்டி, "பார், ஒண்டுமே தெரியேல்லை" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. முகில் உயரம் வேறு, தென்னை உயரம் வேறு என்று எனக்குத் தெரியும். ஓம் அக்கா என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பிள்ளையின் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் படத்துக்கு முன்னால் இரண்டு விளக்கு வைப்பாள். ஒன்று பிள்ளைக்கு. மற்றது அந்த ஹெலிக்காரனுக்கு. முதல் தரம் கண்டபோது எனக்குக் கொதி தலைக்கேறியது. உனக்கென்ன விசரோ என்று கேட்டுவிட்டேன். அக்கா திரியைத் திருத்திக்கொண்டே சொன்னாள்:

"கண் தெரியாமல் செய்துபோட்டான். அவனும் ஆரோ பெத்த பிள்ளைதானே. அவனுக்கும் ஒரு வெளிச்சம் வேணும்."

அடுத்த வருடம் இரண்டாவது திரியை நானே திரித்துக் கொடுத்தேன். மனிசர் உயிரோடு இருக்க ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது.

இப்போது அந்தப் பக்கம். வட்டமடிக்கிற ஹெலியில் இருந்து கீழே எல்லாமே உள்ளங்கை மாதிரித் தெரியும் என்று அதில் இருந்தது. சட்டையின் நிறம் தெரியும். கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். வெயிலில் மினுங்குகிற சின்னப் பாத்திரம்கூடத் தப்பாது. இதை ஆய்வாளர் தடித்த எழுத்தில் போடச் சொல்லிக் கீழே கோடும் போட்டிருந்தார்.

வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. அக்கா கண்டால் தாங்கமாட்டா."

"தங்கச்சி, புத்தகத்தின்ரை உயிரே அதிலைதான் கிடக்கு."

அதோடு விட்டாரா. எனக்கு ஏதோ பரிசு தருகிற குரலில் இன்னொன்றும் சொன்னார். புத்தகத்தை ஹெலித் தாக்குதலில் இறந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சமர்ப்பணம் செய்யப் போகிறாராம். முதல் பக்கத்தில் அக்காவின் மகளுடைய படம் வருமாம். முதல் பிரதி வாங்குவதும் அக்காதானாம். அக்காவிடம் முந்தின நாளே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாராம். ஆட்டை வெட்டின கத்தியைக் கழுவித் துடைத்து, அதற்கு ஆட்டின் பெயரையே வைக்கிற வேலை. இதில் பிழை என்ன என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கேட்டால் 'ஆய்வு வேறு, உணர்வு வேறு' என்பார்.

அக்காவைப் போய்ப் பார்த்தேன், எப்படியாவது மறித்துவிடலாம் என்று. அவள் கதவைத் திறந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பிள்ளைக்கு இருக்கிறது ஒரே ஒரு படம், பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்ததில் இருந்து வெட்டினது. நகத்தளவு முகம். கன்னத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்த கோடு. அதைக் கடித உறைக்குள் வைத்து எனக்குத் தந்து, அந்தக் கோட்டை அழிக்க முடியுமா என்று கேட்டாள். புது நூல்சேலை ஒன்று எடுத்து மேசையில் வைத்திருந்தாள். "பிள்ளை முதல் தரம் ஒரு புத்தகத்திலை வாறாள்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். கணினியில் அந்தக் கோட்டை அழித்து, கன்னத்தைச் சரியாக்கினேன்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. வெளியீட்டு விழாவில் வாங்கின புத்தகத்தை எங்கள் சனத்தில் ஒருவரும் திறப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடி அலுமாரியில், பாவிக்காத பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டி வைப்பார்கள். எழுதினவர் வீட்டுக்கு வரும் நாளில் தூசி தட்டுவார்கள். அக்காவும் பிள்ளையின் படத்தைப் பார்ப்பாள், மூடுவாள், வைப்பாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் ஆட்கள் வாசிக்காத சனமாக இருப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

விழாவுக்கு அழைப்பிதழில் போட்ட நேரத்தில் வந்தவன் அந்த ஜெர்மன் கிழவன் ஒருவன்தான். நீலக் கோட்டு, நெஞ்சில் ரெஜிமென்ட் சின்னம், கோட்டுக்குள் அடங்காத வண்டி வயிறு. அவன்தான் சிறப்பு விருந்தினன். வெறும் மண்டபத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தான். கதிரை அடுக்க வந்தவர்கள் அவனைச் சுற்றிச் சுற்றி அடுக்கினார்கள். யாரோ இரக்கப்பட்டு ஒரு வடை கொடுத்தார்கள்.

சனம் சேர்ந்து, ஒருவழியாகத் தொடங்கியது. வழக்கம்போல முதலில் அகவணக்கம். செல்லடியிலும் குண்டுவீச்சிலும் ஹெலிச் சூட்டிலும் இறந்த மக்களுக்காக எல்லோரும் எழும்பி நின்றோம். கிழவனும் எழும்பினான். கைகளைத் தொடையோடு ஒட்டி, நாடியை உயர்த்தி, கல் மாதிரி நின்றான். எனக்குப் பின்னால் நின்ற மனிசன் தன் மனைவியிடம் வெள்ளைக்காரனின் ஒழுக்கத்தைப் பார் என்று குசுகுசுத்தான். எனக்குத் திரும்பி ஒன்று கொடுக்கலாமோ என்றிருந்தது.

பிறகு ஆசியுரை. வாழ்த்துரை. மதிப்புரைக்கு வந்தவர் புத்தகத்தின் பின்னட்டையை மட்டும்தான் வாசித்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் முதலில் ஒப்பித்த நாலு வரியும் பின்னட்டைக்கு நான் எழுதினவை. பிறகு பண்டைத் தமிழரின் யானைப்படையில் தொடங்கிக் குதிரைப்படைக்கு வர நேரம் முடிந்துவிட்டது. ரெஜிமென்ட் பக்கம் அவர் எட்டியும் பார்க்கவில்லை. அதற்கும் பொன்னாடை.

அக்கா மேடைக்கு ஏறி முதல் பிரதியை வாங்கினாள். அந்த இடத்திலேயே விரித்து, பிள்ளையின் கன்னத்தைப் பெருவிரலால் ஒருக்கால் தடவினாள். மூடினாள். மடியில் வைத்துக்கொண்டு மேடைக் கதிரையில் இருந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனிப் பேச்சு ஒன்று, கோழிக்குழம்பு, வீடு.

கிழவன் பேசினான். பெரிய பேச்சாளன் ஒன்றும் இல்லை. வெக்கை, புழுதி, எரிபொருள் மணம், ஹெலியின் வாசலில் கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு இருந்த இருப்பு என்று சொல்லிக்கொண்டு போனான். சொந்த நாட்டில் எவனும் அவனிடம் இதைக் கேட்பதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பழைய தொப்பி வாங்க வருகிறவனுக்குச் சொல்லியே பழகின கதை. இன்றைக்கு ஒரு மண்டபம் நிறைந்த சனம், தலையில் பூவோடு, வாய் பார்த்துக்கொண்டு. மனிசன் பூரிப்பில் சிவந்துபோனான். ஆய்வாளர் பக்கத்தில் நின்று தமிழாக்கினார். கிழவன் 'பயமாக இருந்தது' என்றால் இவர் 'அஞ்சாமல் பாய்ந்தோம்' என்பார்.

மேலே இருந்து எதிரியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அவருடைய தடித்த எழுத்துப் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமே. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எழும்பி என்ன செய்ய. எல்லாம் தெரியும், ஒன்றுமே மறையாது என்று கிழவன் சொல்லிவிட்டான்.

ஆய்வாளர் தமிழாக்க முதலே அக்கா தலையைத் திருப்பினாள். சலவைக்கூடத்தில் கழித்த வருடங்களில் அவளுக்கு ஜெர்மன் நன்றாக வரும். கதிரையில் இருந்தபடியே, அமைதியாக, ஜெர்மனில் கேட்டாள்.

"எவ்வளவு உயரத்தில்?"

கிழவன் மண்டபத்துக் கூரையைக் காட்டி, இதைப்போல ஒரு சில மடங்கு, சில நேரம் மரத்து உயரம் என்றான்.

"ஒரு சின்னப் பிள்ளை ஓடினால், பிள்ளை என்று தெரியுமா?"

கிழவன் அவளைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக அவனை நான் மதித்துவிட மாட்டேன்.

"தெரியும்" என்றான். "பிள்ளைகள் ஓடுவது வேறு மாதிரி. மேலே இருந்து பார்த்தால் அது உடனே தெரியும்."

ஆய்வாளர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். எதிரியைத் துல்லியமாக இனங்காண்பதே எமது ரெஜிமென்ட்டின் தனிச்சிறப்பு என்று ஐயா சொல்கிறார் என்றார். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மற்றப் பாதி கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் நிலத்தைப் பார்த்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். தூ.

அடுத்ததாகச் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. போர்த்துவது அக்கா என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அறிவிப்பாளர் அவளை 'வீரத்தாய்' என்று கூப்பிட்டார். அக்கா எழும்பித் தட்டில் இருந்த பொன்னாடையைக் கையில் எடுத்தாள். விரித்தாள். பிறகு ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரி, விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்துத் தட்டிலேயே வைத்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"உன்ரை பையிலை அந்தப் பேப்பர் வெட்டுற கத்தி கிடக்கோ?"

தொழிலுக்காக எப்போதும் வைத்திருப்பேன். கொடுத்தேன். கத்தியைக் கண்டதும் மேடையில் இருந்தவர்கள் கதிரையோடு பின்னுக்குப் போனார்கள். உலகப் படையியல் பேசின ஆய்வாளர்தான் எல்லோருக்கும் முந்திப் போனார். தந்திரோபாயப் பின்னகர்வு. அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, முதல் பக்கத்தை முதுகோரமாக, பிசிறில்லாமல் வெட்டி எடுத்தாள். பிள்ளையின் படம் மடிபடாமல் கைப்பைக்குள் வைத்தாள். மிச்சப் புத்தகத்தைக் கிழவனின் கையில் கொடுத்தாள். அவனும் வாங்கினான். பிறகு எனக்குக் கத்தியைத் தந்துவிட்டு மேடையால் இறங்கி நடந்தாள்.

அம்மா உணர்ச்சிவசப்பட்டுவிட்டா என்று பின்னால் மைக்கில் கேட்டது. கிழவனுக்குப் பொன்னாடையை ஆய்வாளரே போர்த்திப் படம் எடுத்து, அன்று பின்னேரமே இணையத்தில் போட்டுவிட்டார். மிஞ்சின புத்தகங்கள் அவர் வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஊறும் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

காரில் அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். எனக்கு முந்தியே தெரியுமா என்று கேட்டாள். ஓம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில், சாப்பிடாமல் வந்துவிட்டோம், உனக்குப் பசிக்கும், புட்டு இருக்கிறது, வா என்றாள். அவள் புட்டுப் போட்டுத் தந்தாள். தான் சாப்பிடவில்லை.

பிறகு திவசம் வந்தது. வெட்டின பக்கத்தைச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். நகத்தளவாக இருந்த முகம் இப்போது உள்ளங்கையளவு. நான் பழக்கத்தில் இரண்டு திரி திரித்து, இரண்டு விளக்கிலும் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்தாள். எண்ணெயைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றினாள். விளக்கைக் கழுவித் துடைத்து என் கையில் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோ, உனக்கு உதவும் என்றாள்.

நான் விளக்கை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பிள்ளையின் விளக்கைக் கொளுத்தினாள்.

"அவனுக்கு என்னத்துக்கு விளக்கு" என்றாள். "அவனுக்குத்தான் நல்லாக் கண் தெரிஞ்சிருக்கே."